காவு கேட்பது ஆறு அல்ல!

“குளிக்கச் சென்ற சிறுவர் இருவர் நீரில் மூழ்கிச் சாவு.”

கோடை பிறந்துவிட்டால் போதும், நாளேட்டின் உள்பக்கத்து மூலையிலே இப்படி ஒரு செய்தி. மழைக்காலம் வந்துவிட்டால் அதே மூலையிலே அதே செய்தி. ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், ஏரி என்பது குளமாகும், குளம் என்பது கல்குவாரிக் குட்டையாகும். மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதேதான். படிக்கிறோம். ‘ஐயோ பாவம்’ என்கிறோம். பக்கத்தைப் புரட்டுகிறோம்.

தோழர்களே! இன்று புரட்டாதீர்கள். மூலையிலே கிடந்த அந்தச் செய்தியைத் தூக்கித் தலையங்கத்திலே வைத்திருக்கிறோம்.

கட்சி ஏட்டிலே நீச்சலுக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். பிள்ளையின் வயிற்றுக்குச் சோறு அரசியல் என்றோம். கைக்குப் புத்தகம் அரசியல் என்றோம். அந்தப் பிள்ளையின் மூக்கிலே ஓடுகிற மூச்சு மட்டும் அரசியல் இல்லையா? மூச்சு நின்றபின் யாருக்குச் சோறு, யாருக்குப் புத்தகம்?

பள்ளிப்பட்டிலே ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்திலே உருக்கொள்கிற கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி, எண்ணூர் முகத்துவாரத்திலே கடல் சேர்கிறது. 136 கிலோமீட்டர் பயணம். ஆண்டிலே பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்து மலைகளிலே மழை கொட்டி, கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டாலோ, கிடந்த ஆறு எழுந்து ஓடும்! 2021 நவம்பரில் அப்படி ஓடிற்று. தரைப்பாலங்கள் மூழ்கின, ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்தது.

இது மீட்ட மண், தோழர்களே! மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வட எல்லைப் போரின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று, சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்துக்குத் திரும்பிய பகுதி பள்ளிப்பட்டு. மனிதன் போட்ட எல்லைக்கோட்டை மனிதன் திருத்தினான். தண்ணீர் எந்தக் கோட்டையும் மதிப்பதில்லை. மண்ணை மீட்ட நாம், அந்த மண்ணின் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து மீட்டோமா?

அப்பன் பொதட்டூர்ப்பேட்டையிலே தறி ஓட்டுகிறான். அல்லது கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலிலே கண்ணயர்கிறான். அம்மா களை எடுக்கவோ கரும்பு வெட்டவோ போயிருக்கிறாள். பள்ளிக்கோ விடுமுறை. வெயில் தகிக்கிறது. தடுப்பணையிலே தண்ணீர் தளும்புகிறது. பிள்ளை எங்கே போவான்? தண்ணீரைத் தேடித்தான் போவான். அது குற்றமா? வெயிலிலே வெந்த குழந்தை நீரை விரும்புவது இயற்கை. இறங்கியவனுக்கு ஏறத் தெரியாமல் இருக்கிறதே, அதுதான் குற்றம். அந்தக் குற்றம் அவனுடையது அல்ல, நம்முடையது!

மூன்று நாள்களை நினைவூட்டுகிறோம்.

2011 டிசம்பர் 25. நம் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரி. விடுமுறை நாளிலே உல்லாசமாகப் படகேறிய குடும்பத்தார். படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர்.

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டத்துக் கெடிலம் ஆறு. தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய சிறுமியரும் இளம்பெண்களும். மூழ்கியவர்களைக் காக்க முனைந்தவர்களும் மூழ்கினர். ஏழு உயிர்கள் போயின.

2023 பிப்ரவரி 15. கரூர் மாவட்டம் மாயனூர். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து கால்பந்துப் போட்டிக்குப் போன சிறுமியர் காவிரியிலே இறங்கினர். நால்வர் மீளவில்லை. பந்தை உதைக்கக் கற்ற கால்கள்! அந்தக் கால்களுக்குத் தண்ணீரை உதைக்க யாரும் கற்றுத் தரவில்லை.

ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம்? கண்ணீர் விட்டோம். இரங்கல் தெரிவித்தோம். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. நிவாரணம் தருவதைக் குறை கூறவில்லை, தரத்தான் வேண்டும். ஆனால் இறந்தபின் தருவதற்குக் கருவூலத்திலே இடம் இருக்கிறது; இறக்காமல் இருக்கத் தருவதற்குப் பள்ளிக்கூடத்திலே இடம் இல்லை! இது என்ன கணக்கு?

கேட்டால் ஊரிலே விடை ஆயத்தமாக இருக்கிறது. ‘அந்த மடு வருஷத்துக்கு ஒரு காவு வாங்கும்’ என்பர். ‘கன்னிமார் இழுத்துக்கொண்டது’ என்பர். ‘பையனுக்குத் தண்ணீரிலே கண்டம் என்று சோசியர் அப்போதே சொன்னார்’ என்பர். இந்தக் கடைசி விடையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தண்ணீரிலே கண்டம் என்று சோசியன் சொன்னான். சொன்னதைக் கேட்டுத் தாய் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. விடாததால் அவன் நீச்சல் கற்கவில்லை. கற்காததால் ஒருநாள் கால் தவறி விழுந்தவன் கரையேறவில்லை. ‘பார்த்தாயா, பலித்துவிட்டது!’ என்று சோசியன் மீசையை முறுக்குகிறான். பலித்தது சோதிடமா? பலி வாங்கியதே அந்தச் சோதிடம் அல்லவா!

ஆறு காவு கேட்கவில்லை. ஆற்றுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஆனால் ஆற்றிலே குழி இருக்கிறது. அந்தக் குழியை வெட்டியவன் இருக்கிறான்.

முன்பு ஏரி என்றால் கரையிலிருந்து நடுவுக்குப் படிப்படியாக ஆழம் கூடும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. கழுத்தளவு வந்ததும் பிள்ளை திரும்பிவிடுவான். இன்றோ சவுடு மண் என்றும் மணல் என்றும் அள்ளி அள்ளி, ஏரியின் அடியும் ஆற்றின் அடியும் பள்ளமும் மேடுமாகிவிட்டன. முழங்காலளவு நீரிலே நிற்கும் பிள்ளை இன்னொரு அடி எடுத்து வைத்தால் இரண்டு ஆள் ஆழம்! வெள்ளம் வந்து குழியை மூடிவிட்டால், மேலே பார்க்கையிலே கண்ணாடி போல் ஒரே பரப்பு. கைவிடப்பட்ட கல்குவாரிகளிலோ கரை என்பதே கிடையாது; செங்குத்தான பாறை. விழுந்தவன் பிடித்தேறப் படி இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. கற்றுக்கொடுத்த கிணறுகள் செத்துவிட்டன. ஊருக்குப் பத்து இறவைக் கிணறு இருந்த காலத்திலே, வயலுக்கு நீர் இறைத்த கிணறே பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளி. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகிலே கட்டி, இடுப்பிலே கயிறு கட்டி, மாமனோ சித்தப்பனோ மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இரண்டே வாரத்திலே பையன் மிதப்பான். ஆழ்துளைக் குழாய் வந்தது, நிலத்தடி நீர் கீழே போயிற்று, கிணறுகள் வற்றின, பல தூர்ந்தன. ஆபத்து பெருகிற்று, ஆசான் மறைந்தான். இதுதான் கதை.

ஆனால், அந்தப் பழங்கிணறு பொற்காலம் என்று பெருமூச்சு விடவும் நாம் ஆயத்தமாக இல்லை. அந்தக் கிணற்றிலே யார் நீந்தினார்கள்?

இதை எழுதுகிறவனும் அப்படி ஒரு கிணற்றிலே கற்றவன்தான். மாமா தள்ளிவிட்டார், இரண்டு மிடறு தண்ணீர் குடித்தேன், கற்றுக்கொண்டேன். என் அக்கா கிணற்று மேட்டிலே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் சட்டைகளைக் காப்பது அவள் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்னைவிட வேகமாக ஓடுவாள். புளியமரத்திலே எனக்கு மேல் ஏறுவாள். ‘நானும் இறங்குகிறேன் மாமா’ என்று ஒருநாள் கேட்டாள். ‘பொட்டப் புள்ளைக்கு என்னடி நீச்சல்?’ என்றார் மாமா. அவர் கெட்டவர் அல்லர். ஊர் சொன்னதை அவர் சொன்னார். அக்காவுக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. அவள் மகளுக்கும் தெரியாது.

கெடிலத்திலே மூழ்கியவர் யார்? பெண்கள். மாயனூரிலே மூழ்கியவர் யார்? பெண்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கடலூரிலே மாண்டவர்களில் ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கினர் பெண்கள் என்று 2005இல் ஆக்ஸ்பாம் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. கடலுக்குப் போன ஆண்களை எதிர்நோக்கிக் கரையிலே நின்றது, கையிலே குழந்தை இருந்தது, காலிலே சேலை சுற்றியது என்று காரணங்கள் பல. ஆணுக்கு நீந்தவும் மரமேறவும் கற்பித்த சமுதாயம் பெண்ணுக்கு ‘அடக்கத்தை’ மட்டுமே கற்பித்ததும் அவற்றிலே ஒன்று. அடக்கம் மிதக்காது, தோழர்களே!

பெண்ணுக்கு மட்டுமா கிணறு அடைபட்டிருந்தது? சேரிப் பிள்ளை ஊர்க் கிணற்றிலே இறங்க முடிந்ததா? கோயில் குளத்திலே கால் நனைக்க முடிந்ததா? ‘தீட்டு’ என்ற ஒரு சொல்லாலே தண்ணீரையே பூட்டி வைத்த நாடு இது. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது, 1924இல். மகாராட்டிரத்து மகாடு நகரிலே பொதுக்குளத்து நீரை ஒரு கை அள்ளிக் குடிக்க, ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது, 1927இல். குடிக்கவே விடாதவர்கள் குளிக்க விட்டிருப்பார்களா? நீந்த விட்டிருப்பார்களா?

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964இல் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் அகஸ்டின் நகரிலே, வெள்ளையர்க்கு மட்டுமான விடுதிக் குளத்திலே கறுப்பின மக்கள் இறங்கிப் போராடியபோது, விடுதிக்காரன் அந்தக் குளத்திலே அமிலத்தை ஊற்றினான். சட்டம் மாறி அறுபது ஆண்டு கடந்தும், வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் அங்கே கூடுதலாக மூழ்கிச் சாகிறார்கள். ஏன்? நீந்தாத பாட்டனின் மகன் நீந்தவில்லை. நீந்தாத தகப்பன் மகனுக்குக் கற்பிக்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே அழைத்துப் போய்க் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

தமிழனுக்கு நீச்சல் புதிதா? இல்லை. புறநானூற்றிலே 243ஆம் பாட்டு. தள்ளாத கிழவர் ஒருவர், கோலூன்றி இருமிக்கொண்டே, இளமையை எண்ணி ஏங்குகிறார். நீர்த்துறையை ஒட்டிய மருதமரத்துக் கிளையிலேறி, கரையிலிருந்தோர் வியக்க மடுவிலே குதித்து, அடிமணலை அள்ளி வந்த இளமை எங்கே போயிற்று என்கிறார். அந்தப் பாட்டிலே பெண்களும் குளத்திலே ஆடுகிறார்கள், கைகோத்து ஆடுகிறார்கள். பெண் கரையிலே நின்று சட்டை காப்பதுதான் தமிழர் பண்பாடு என்பவர் அந்தப் பாட்டைப் படிக்கட்டும்!

அண்மைக் காலத்துக்கும் வாருங்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைத் தமிழர் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தார், 1971இல். நம் குற்றாலீசுவரன், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தான், 1994இல். மேடையேறினால் இராசேந்திரன் கப்பல்கள் 1025இல் கடாரம் போனதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். கடாரம் கொண்டவன் பேரப்பிள்ளை, கல்குவாரிக் குட்டையிலே மூழ்குகிறான்! பெருமை பேசிய வாய்க்கு இதைச் சொல்லவும் துணிவு வேண்டும்.

துயரத்தை எப்படிப் பாடமாக்குவது என்று சப்பானியரிடம் கேளுங்கள். 1955 மே 11. சியுன் மாரு என்ற கப்பல் அந்நாட்டு உள்கடலிலே மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கிற்று. 168 பேர் மாண்டனர். அவர்களிலே 100 பேர் கல்விச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். மிகப் பெரும்பாலோர் சிறுமியர். போரிலே தோற்று, குண்டிலே வெந்து, பத்தே ஆண்டு ஆகியிருந்த ஏழை நாடு அன்று சப்பான். அழுதார்கள். அழுகையோடு நிற்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி நீச்சல் குளம் வெட்டினார்கள், நீச்சலைப் பாடமாக்கினார்கள். நாடெங்கும் அது பரவுவதற்கு அந்த நூறு பிள்ளைகளின் சாவு உந்துவிசையாயிற்று.

‘அது சப்பான், நம்மிடம் பணம் ஏது?’ என்பீர்களா? சரி, பக்கத்திலே வாருங்கள். வங்கதேசம். நம்மைப் போலவே ஏரியும் குளமும் ஏழ்மையும் நிறைந்த நாடு. அங்கே ஊர்க்குளத்திலேயே மூங்கிலாலே ஒரு தளம் கட்டினார்கள். குளத்தின் ஆழம் எத்தனையாயினும் பிள்ளையின் காலுக்குத் தளம் உண்டு. நான்கு பக்கமும் மூங்கில் தடுப்பு. உள்ளூர் இளைஞர்களையே, இளம்பெண்களையும் சேர்த்து, பயிற்றுநர்களாக்கினார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும். 30 நொடி மிதக்க வேண்டும். மூழ்குகிறவனைத் தான் குதிக்காமல் காக்கத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் தேர்வு. 4 முதல் 12 வயது வரை இப்படிக் கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது என்று ஆய்வு கூறிற்று. பளிங்குக் கல் பதித்த நீச்சல் குளம் அல்ல, தோழர்களே, மூங்கில்! மூங்கிலுக்குமா நம்மிடம் பஞ்சம்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் மூழ்கி இறந்தவர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களிலே ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நூற்றுக்கு 92 சாவு ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும். இந்தியாவிலே 2022ஆம் ஆண்டில் மட்டும் 38,000க்கு மேற்பட்டோர் மூழ்கி இறந்ததாக நடுவண் அரசின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் காட்டுகிறது. மூழ்குதல் ஏழையின் சாவு. பணக்காரன் பிள்ளை பயிற்றுநர் பக்கத்திலிருக்க நீலக் குளத்திலே நீந்துகிறான். பாட்டாளியின் பிள்ளை தனியாகக் குழியிலே இறங்குகிறான். பள்ளிப்பட்டிலிருந்து வேளச்சேரி நீச்சல் குளத்துக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். எந்தத் தறித் தொழிலாளி மகனை அங்கே அழைத்துப் போவான்?

ஆகவே கேட்கிறோம். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடின்றி, நீச்சல் பள்ளிப் பாடமாக வேண்டும். பந்தயத்துக்கான நீச்சல் அல்ல; பிழைப்பதற்கான நீச்சல். முதலிலே நீரச்சம் போக்குதல். முகத்தை நீரிலே வைத்து மூச்சை ஊதி விடுதல். அடுத்து மல்லாந்து மிதத்தல். அதன்பின் காலுதைத்துக் கையடித்து நகர்தல். விழுந்த இடத்திலிருந்து திரும்பிக் கரையைப் பிடித்தல். இடுப்பளவு நீரிலே தொடங்கலாம். ஒரு பயிற்றுநரிடம் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் விடக் கூடாது. சிறுமியர்க்குப் பெண் பயிற்றுநர் வேண்டும். பாவாடையோடும் சுடிதாரோடும் நீரிலே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் பழக்க வேண்டும். கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழக் கால்வாசி நாடு கிடக்கும் நெதர்லாந்திலே பிள்ளைகள் உடுத்திய உடையோடு நீந்திக் காட்டித்தான் நீச்சல் சான்று வாங்குகிறார்கள். ஆபத்து வரும்போது எவனும் ஆடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை.

யார் கற்பிப்பது? பழவேற்காட்டு மீனவத் தோழன் இல்லையா? தவழும் வயதிலேயே தண்ணீரோடு பழகியவன் அவன். தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் இல்லையா? உடற்கல்வி ஆசிரியர் இல்லையா? இவர்களுக்கு முறையான பயிற்சி தந்து, ஊதியமும் தந்து, ஊராட்சிக்கு ஒரு குளம் என்று தேர்ந்தெடுத்து, ஆலைக் கழிவும் சாக்கடையும் கலவாத நீரா என்று சோதித்து, மூங்கில் தளமும் கயிறும் மிதவையும் அமைத்துக் கொடுத்தால் கோடை விடுமுறை ஒன்றே போதும், ஓர் ஊரின் பிள்ளைகள் மிதக்கக் கற்பதற்கு.

ஐந்து வயதுக்கு உட்பட்ட மழலைகளுக்கு நீச்சல் காவல் ஆகாது. அவர்களுக்குக் காவல் கண்தான். தாய் வேலைக்குப் போகும் காலை வேளையிலேதான் மழலைகள் வீட்டுப்பக்கத்துக் குட்டையிலே விழுகின்றன என்று கண்டு, அந்த வேளையிலே ஊர்தோறும் குழந்தைக் காப்பகம் நடத்திற்று வங்கதேசம். நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது. செங்கற்சூளையிலே, ஆலைக் குடியிருப்பிலே, வேற்று மாநிலத் தொழிலாளர் கொட்டகையிலே வளரும் பிள்ளைக்கும் அதன் கதவு திறந்திருக்கிறதா? வீட்டிலே நீர்த்தொட்டிக்கு மூடி இருக்கிறதா? ஒரு வாளித் தண்ணீரும் தவழும் குழந்தையைக் கொல்லும்.

‘நீச்சல் தெரிந்தால் துணிச்சல் வந்து ஆழத்துக்குப் போவானே?’ என்று அஞ்சுவோரும் உண்டு. நியாயமான அச்சம். அதனால்தான், நீந்தக் கற்பிக்கும்போதே எங்கே நீந்தக் கூடாது என்பதையும் கற்பிக்கச் சொல்கிறோம். அணை திறந்த ஆற்றிலே இறங்காதே, தடுப்பணையின் அடிவாரத்திலே இறங்காதே, குவாரியிலே குதிக்காதே, தனியாக இறங்காதே. நீச்சல் தெரிந்தவனையும் வெள்ளம் வெல்லும் என்பதும் நீச்சல் பாடத்தின் பகுதியே.

இன்னொரு பாடம் பெரியவர்களுக்கு. கெடிலத்தை மறவாதீர்கள். ஒருவர் மூழ்க, காக்கப் போனவரும் மூழ்குவதுதான் ஓர் உயிரோடு போக வேண்டியதை ஏழாக்குகிறது. மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவன் எங்கே கத்துவான்? ஓசையின்றித்தான் அமிழ்வான். பார்த்தால் குதிக்காதீர்கள். கம்பை நீட்டுங்கள், கயிற்றை, வேட்டியை, சேலையை வீசுங்கள், காலிக் குடத்தை, பிளாஸ்டிக் கேனை எறியுங்கள், கூவி ஆள் சேருங்கள், 108ஐ அழையுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைமேல் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் உயிர் தராது. இருக்கும் நேரத்தையும் தின்னும். மூச்சு இல்லையென்றால், மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவும் மூச்சும் திரும்பவில்லையானால் மார்பின் நடுவிலே முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மீண்டும் முப்பது, இரண்டு. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். மூளை மூச்சின்றித் தாங்குவது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களிலே டாக்டர் வரமாட்டார். நீங்கள்தான் இருப்பீர்கள்.

‘இவ்வளவும் நடக்கிற காரியமா?’ என்று தயங்காதீர்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலே, தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஒரே ஒரு பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட்டது. அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர் இருந்திருப்பர். 1956, 1982, 2022 என்று ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, அந்த ஒரு பள்ளியின் சோறு தமிழகம் முழுவதன் சோறாக வளர்ந்தது. ஒரு பள்ளியிலே தொடங்கியது! நீச்சலும் ஒரு குளத்திலே தொடங்கட்டும். அந்தக் குளம் பள்ளிப்பட்டிலே இருக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியதைச் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் ஊரிலே உள்ள நீர்நிலைகளை இந்தக் கிழமையே சுற்றிப் பாருங்கள். எங்கே குழி, எங்கே வழுக்கல், எங்கே படி இல்லை என்று எழுதி ஊராட்சியிலே கொடுங்கள். ஆபத்தான இடத்திலே முள்வேலி கேளுங்கள், பலகை வையுங்கள், பலகைக்குப் பக்கத்திலே ஒரு கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் தொங்கவிடுங்கள். மண் அள்ளிக் குழி விட்டுப்போனவன் எந்தக் கட்சிக்காரனாயினும், நம் கட்சிக்காரனே ஆயினும், பெயர் சொல்லிக் கேளுங்கள்! அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பதாகை கட்டும் காசிலே, ஒரு குளத்துக்கு மூங்கில் தளம் கட்டுங்கள். தலைவர் படத்தைத் தூக்கி நிறுத்தும் மூங்கில், பிள்ளையின் காலைத் தாங்கி நிற்கட்டும். அதைவிடத் தலைவர்க்குப் பெருமை வேறில்லை.

தாய்மார்களே! கிணற்று மேட்டிலே சட்டை காத்து நின்ற தலைமுறை உங்களோடு முடியட்டும். உங்கள் மகளைத் தண்ணீரிலே இறக்குங்கள். ஊர் ஏதாவது சொல்லும். சொல்லட்டும். பேசுகிற ஊர், அவள் மூழ்கும்போது குதிக்காது.

ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாள் என்று ஐ.நா. மன்றம் 2021இல் அறிவித்திருக்கிறது. அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த மழைக்குக் கிருஷ்ணாபுரம் அணை திறக்கும். ஆறு வரும். அது கேட்பது காவு அல்ல. கேட்பதற்கு அதற்கு வாயில்லை. நம் பிள்ளைகளுக்குத்தான் வாய் இருக்கிறது. ‘எனக்கும் நீச்சல் கற்றுத் தா’ என்று அவர்கள் கேட்கிறார்கள். அன்று என் அக்கா கேட்டாள்; இல்லை என்றார்கள். இன்று அவள் மகள் கேட்கிறாள்.

என்ன விடை சொல்லப் போகிறோம், தோழர்களே?